‘சார்ஜென்ட் பெப்பர்’ மோனோவில் கேட்க: தொடக்க ரசிகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பத்தைப் பலமுறை கேட்டவர்கள்கூட, அதன் மோனோ பதிப்பை முதன்முதலில் கேட்கும்போது திகைத்துப்போவார்கள். பாட்டெல்லாம் அதேதான். ஆனால் ஒரு பாட்டு சுருதி ஏறி ஓடுகிறது. இன்னொன்றில் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அலைகிறது. வேறொன்றின் முடிவில், இத்தனை நாள் காதில் விழாத ஒரு கூச்சல் கேட்கிறது.

இந்த மோனோ பதிப்பை எப்படித் தேடுவது, எதை வாங்குவது, எதில் போட்டுக் கேட்பது, எவ்வளவு ஆகும் என்று ஆரம்பத்திலிருந்து சேர்ந்தே பார்த்துவிடுவோம். டர்ன்டேபிள் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பாட்டுகள் மேல் ஆசை இருந்தால் போதும்.

வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முதலில் காது, அடுத்து சிடி, அதன்பிறகு இசைத்தட்டு, கடைசியில்தான் கருவி. இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மோனோ என்றால் என்ன?

ஸ்டீரியோவில் இரண்டு தடங்கள். இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலது ஸ்பீக்கருக்கு ஒன்று. டிரம்ஸ் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்கலாம். மோனோவில் ஒரே தடம்தான். எத்தனை ஸ்பீக்கர் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒலி வரும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்தால், மொத்த இசையும் நேர் எதிரே ஒரே இடத்தில் நிற்கும்.

அப்படியானால் ஸ்டீரியோ பாட்டின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் மோனோ ஆகிவிடாதா? ஒலி மோனோ ஆகும். மோனோ மிக்ஸ் ஆகாது. நம் போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கிடைப்பது, ஸ்டீரியோ மிக்ஸைப் பிசைந்து செய்த ஒரு உருண்டை. நாம் தேடுவது அது இல்லை.

நாம் தேடுவது 1967-இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில், மோனோவுக்கென்றே தனியாக உட்கார்ந்து செய்த மிக்ஸ். அந்தக் காலத்தில் மிக்ஸிங் என்பது கைவேலை. டேப் ஓட ஓட, எந்தக் குரல் எப்போது எழ வேண்டும், எது அடங்க வேண்டும், எங்கே எதிரொலி சேர வேண்டும் என்பதையெல்லாம் கையால் திருகித் திருகி, ஒரே ஓட்டத்தில் முடிப்பார்கள். ஒருமுறை செய்ததை மறுமுறை அச்சாக அப்படியே செய்ய முடியாது. மோனோவுக்கு ஒரு நாள், ஸ்டீரியோவுக்கு வேறொரு நாள் என்று உட்கார்ந்ததால்தான் ஒரே பாட்டுக்கு இரண்டு முகம் வந்தது.

ஏன் இந்த ஆல்பம்?

1967 மே 26-ஆம் தேதி பிரிட்டனில் இந்த ஆல்பம் கடைக்கு வந்தபோது மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு விதமாகவும் விற்றது. ஆனால் அன்றைய இளைஞர்கள் வீட்டில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர் வைத்த சிறிய ரெக்கார்டு பிளேயர். வானொலியும் மோனோ. அதனால் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கும் பீட்டில்ஸ் நால்வருக்கும் மோனோதான் முதன்மை. பாட்டுப் பாட்டாக, திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தி அதைச் செய்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸ் வேலை பிற்பாடு, பெரும்பாலும் பீட்டில்ஸ் இல்லாமலேயே, சில நாட்களில் முடிந்தது.

இன்னொரு காரணம் கருவி சார்ந்தது. அன்று ஆபி ரோட்டில் இருந்தது ஸ்டூடர் ஜே37 என்ற நான்கு தட டேப் இயந்திரம். நான்கே தடம்! நான்கும் நிரம்பியதும், அவற்றைச் சுருக்கி இன்னொரு டேப்பின் ஓரிரு தடத்தில் ஏற்றி, மிச்சத் தடங்களில் மேலும் வாசிப்பார்கள். டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் இப்படி ஒரே தடத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு, ஸ்டீரியோவில் அவற்றை ஆளுக்கொரு இடத்தில் வைக்க வழியில்லை. மொத்தமாக ஒரு பக்கம் தள்ள வேண்டியதுதான். மோனோவில் அந்தச் சிக்கலே இல்லை. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒரே உடம்பாக நிற்கும். டிரம்ஸ் அடி நெஞ்சில் இறங்கும்.

ஆகவே, ஸ்டீரியோதான் மேம்பட்டது, மோனோ பழசு என்ற எண்ணத்தை இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை விட்டுவிடுவோம். என் முடிவு திடமானது: ‘பெப்பர்’ என்றால் மோனோதான்.

முதல் படி: செலவே இல்லாமல் காதைப் பழக்குவோம்

இப்போதைக்கு ஒரு பைசாவும் எடுக்க வேண்டாம். ஸ்ட்ரீமிங் செயலியில் இந்த ஆல்பத்தின் வழக்கமான ஸ்டீரியோ பதிப்பைத் தேடி, ஒரு வாரம் தினமும் கேட்போம். மொத்தம் சுமார் 40 நிமிடம்தான். பாட்டுகளின் வரிசையும் அசைவும் மனதில் பதிந்துவிட வேண்டும். மூலம் தெரியாதவருக்கு வித்தியாசம் தெரியாது.

வாரக் கடைசியில் ஒரு சோதனை. ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டை எடுப்போம். முதலில் 2009 ரீமாஸ்டரில் கேட்போம். உடனே 2017-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புது ரீமிக்ஸில் அதே பாட்டைப் போடுவோம். பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறியிருக்கும், கொஞ்சம் வேகமாகவும் நகரும். 2017 ரீமிக்ஸும் ஸ்டீரியோதான். ஆனால் ஜைல்ஸ் மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டே வேலை செய்தார். இந்தப் பாட்டின் வேகத்தை மோனோவிலிருந்துதான் எடுத்தார். இந்த அரைக் கட்டையைப் பிடித்துவிட்டால் நம் காது தயார்.

எந்தப் பாட்டில் எதைக் கேட்பது?

இந்த வழிகாட்டியின் உயிர் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’: வீட்டைவிட்டுப் போகும் ஒரு பெண்ணின் கதை. பீட்டில்ஸ் யாரும் இதில் வாத்தியம் தொடவில்லை. மைக் லியாண்டர் எழுதிய தந்தி வாத்திய அமைப்பு, ஷீலா பிராம்பெர்க் வாசித்த ஹார்ப். 1967 மார்ச் 20-ஆம் தேதி மோனோ மிக்ஸ் செய்தபோது டேப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். பால் மெக்கார்ட்னியின் குரல் இளமையாகிவிட்டது. ஏப்ரல் 17-ஆம் தேதி ஸ்டீரியோ மிக்ஸ் செய்தபோது டேப்பைப் பதிவான வேகத்திலேயே விட்டுவிட்டார்கள். மோனோவில் பாட்டு சுமார் பத்து நொடி சீக்கிரம் முடிகிறது. பத்து நொடியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஸ்டீரியோவில் இந்தப் பாட்டு ஒரு ஒப்பாரிபோல் இழுக்கும். மோனோவில் அந்தப் பெண் நிஜமாகவே படியிறங்கி, கதவைச் சாத்திவிட்டு விறுவிறுவென்று நடக்கிறாள். கதையே மாறிவிடுகிறது.

‘லூசி இன் தி ஸ்கை வித் டைமண்ட்ஸ்’: ஜான் லென்னனின் குரலைக் கவனிப்போம். ஆபி ரோட்டின் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-இல் ஒரு உத்தியைக் கண்டுபிடித்திருந்தார். பாடிய குரலை இன்னொரு டேப்பில் மிகச் சிறிய தாமதத்துடன் ஓடவிட்டு, மூலத்தோடு சேர்ப்பது. ஒருமுறை பாடினாலே இருமுறை பாடியதுபோல் கேட்கும். இரண்டாவது டேப்பின் வேகத்தைக் கையால் ஆட்டினால் குரல் அலையலையாகச் சுழலும். மார்ச் 3-ஆம் தேதி செய்த மோனோ மிக்ஸில் இந்தச் சுழல் தாராளமாக இருக்கிறது. ஏப்ரல் 7-ஆம் தேதி செய்த ஸ்டீரியோவில் வெகுவாகக் குறைந்துவிட்டது. கனவுக் காட்சியைப் பாடும் பாட்டுக்குக் கனவு மாதிரி ஒலி வேண்டாமா? அது மோனோவில்தான் கிடைக்கிறது.

‘விதின் யூ விதவுட் யூ’: ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டு. லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் தில்ரூபா, தபலா, தம்புரா, ஸ்வரமண்டல் வாசித்தார்கள். நம் காதுக்கு இது பழகிய ஒலி என்பதால் மோனோவில் இதன் அடர்த்தி சட்டென்று பிடிபடும். பாட்டு முடிந்ததும் ஒரு சிரிப்புச் சத்தம் வரும். ஸ்டீரியோவில் அது தூரத்தில் கேட்கும். மோனோவில் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற அளவுக்கு உரக்க இருக்கும்.

‘குட் மார்னிங் குட் மார்னிங்’ முடிவில் மிருகச் சத்தங்கள் வரிசையாக வரும். கடைசியில் கோழி கொக்கரிக்கும். ஸ்டீரியோவில் அந்தக் கொக்கரிப்பு அடுத்த பாட்டின் கிட்டார் ஒலியாகவே மாறிவிடும். அழகான இணைப்பு. மோனோவில் அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தவில்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஓர் இடத்தில் ஸ்டீரியோ ஜெயித்துவிடுகிறது.

அடுத்து வரும் ‘சார்ஜென்ட் பெப்பர்’ மறுவரவுப் பாட்டுதான் மோனோவின் சிகரம். டிரம்ஸ் இடிபோல் விழும். முடிவில், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு மேலே பால் மெக்கார்ட்னி கத்துவது தெளிவாகக் கேட்கும். ஸ்டீரியோவில் அந்தக் கத்தல் அடங்கிப்போயிருக்கும். அந்த ஆரவாரம் ஓய ஓய ‘எ டே இன் தி லைஃப்’ தொடங்கும் இடத்தை ஹெட்போனில் இரண்டு முறையாவது கேளுங்கள்.

இரண்டாம் படி: எந்தப் பதிப்பை வாங்குவது?

காது தயாரானதும் மோனோ மிக்ஸைக் கையில் வாங்க வேண்டும். நமக்கு முக்கியமாக நான்கு வழிகள்.

முதலாவது, 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி வெளியான ‘தி பீட்டில்ஸ் இன் மோனோ’ சிடி பெட்டி. முதல் ஆல்பத்திலிருந்து 1968-இன் ‘ஒயிட் ஆல்பம்’ வரை உள்ள மோனோ மிக்ஸ்கள் எல்லாம் இதில் உண்டு. பழைய எல்பி உறைகளைச் சின்னதாக்கிச் செய்த அட்டைகள் கண்ணுக்கே விருந்து. ஆனால் இதன் சிடிகள் தனித்தனியாக விற்பனைக்கு வரவில்லை. ‘பெப்பர்’ மட்டும் வேண்டுமென்றாலும் பெட்டியைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, 2017-இல் வந்த 50-ஆம் ஆண்டு சிறப்புப் பெட்டி. நான்கு சிடிகளில் நான்காவது சிடியில் முழு மோனோ ஆல்பமும் இருக்கிறது. கூடவே ஜைல்ஸின் ரீமிக்ஸும், ஒலிப்பதிவு நாட்களின் ஒத்திகைப் பதிவுகளும் உண்டு. டர்ன்டேபிள் இல்லாத புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒன்று கவனம்: அதே ஆண்டு ஒரு சிடி, இரண்டு சிடி என்று சிறிய பதிப்புகளும் வந்தன. அவற்றில் மோனோ ஆல்பம் கிடையாது. நமக்கு வேண்டியது நான்கு சிடிகள் கொண்ட பெரிய பெட்டி.

மூன்றாவது, 2014 செப்டம்பரில் வந்த மோனோ எல்பி. ஆபி ரோட்டில் ஷான் மேகியும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் டிஜிட்டல் இடையில் வராமல் மூல டேப்பிலிருந்தே நேராகத் தட்டு வெட்டினார்கள். 1960-களில் தட்டு வெட்டியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். 180 கிராம் கறுப்புத் தட்டு. பெட்டியாகவும் வந்தது, தனித்தனி எல்பியாகவும் வந்தது. எல்பியில் கேட்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பத்திரமான தேர்வு இல்லை.

நான்காவது, 1967-இன் அசல் பிரிட்டன் தட்டு. இது ஆசையின் கடைசிப் படி. அவசரப்பட வேண்டாம்.

அசல் தட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

உறையில் பார்லஃபோன் நிறுவனத்தின் எண்ணைப் பார்ப்போம். மோனோ என்றால் பிஎம்சி 7027. ஸ்டீரியோ என்றால் பிசிஎஸ் 7027. நடுவில் உள்ள லேபிள் கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும்.

உறையை மட்டும் நம்பக்கூடாது. தட்டை வெளியே எடுத்து, பாட்டுக் கோடுகள் முடிந்து லேபிளுக்கு முன் வரும் வழுவழுப்பான வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அங்கே எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எக்ஸ், இ, எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளோடு 637 என்று இருந்தால் மோனோவின் முதல் பக்கம், 638 என்றால் இரண்டாம் பக்கம். முதல் எழுத்து ஒய் என்று இருந்தால் ஸ்டீரியோ. எண்ணை அடுத்து ஒரு கோடிட்டு 1 என்று இருந்தால் முதலில் வெட்டிய தட்டு. சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் மோனோ என்று சொல்லி வாங்கிய தட்டு, ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தது. உறை பிஎம்சி 7027. கை நடுங்க வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். முதல் எழுத்து ஒய். யாரோ என்றைக்கோ உறை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஊசியை வைத்ததும் ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மெதுவாக இழுத்தது. திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையில் பாதி ஆகும் என்பதால் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வளையத்தின் புகைப்படம் வராமல் நான் பணம் அனுப்புவதில்லை. நீங்களும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் தயங்காமல் எடுத்து அனுப்புவார்.

உறைக்குள் இருந்த பொருட்களையும் கேட்டுக்கொள்வோம். முதல் பதிப்புகளில் தட்டு சிவப்பும் இளஞ்சிவப்பும் கலந்த அலை வடிவ உள்ளுறையில் வந்தது. கத்தரித்து எடுக்கும் மீசை, பட்டை, பேட்ஜ் கொண்ட அட்டை ஒன்றும் இருந்தது. இவை இல்லாவிட்டால் விலை குறைய வேண்டும். ஒலிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் படி: எதில் ஓட்டுவது?

சிடி என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எல்பி என்றால் கொஞ்சம் அடிப்படை தெரிய வேண்டும்.

மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும்தான் ஆடும். ஸ்டீரியோ தட்டில் பக்கவாட்டிலும் ஆடும், மேலும் கீழுமாகவும் ஆடும். ஊசியைத் தாங்கி, அதன் ஆட்டத்தை மின் சைகையாக மாற்றும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ். மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டினால் பாட்டு சரியாகவே வரும். ஆனால் தூசியும் தேய்மானமும் ஊசியை மேலும் கீழும் தட்டுவதால் வரும் ‘பட் பட்’ சத்தமும் சேர்ந்து வரும். மோனோ கார்ட்ரிட்ஜ் அந்த மேல்கீழ் அசைவைக் கண்டுகொள்ளாது. பழைய தட்டில் இரைச்சல் சட்டென்று குறைவது இதனால்தான்.

கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் ஒரு எளிய வழி. 1970-களின் ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ‘மோனோ’ என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டாலே மேல்கீழ் இரைச்சலில் பெரும்பகுதி தானாக அடிபட்டுப்போகும். பாட்டிக்கோ மாமாவுக்கோ சொந்தமான பழைய ஆம்ப்ளிஃபயர் பரணில் கிடந்தால் இறக்கித் துடையுங்கள்.

சுவிட்ச் இல்லையென்றால் இரண்டு ‘ஒய்’ கேபிள். டர்ன்டேபிளின் இடது, வலது வயர்களை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி இரண்டாகப் பிரிப்பது. இதை டர்ன்டேபிளுக்கும், அதிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே போட வேண்டும். ஃபோனோவுக்குப் பிறகு போடக்கூடாது. டர்ன்டேபிளுக்குள்ளேயே ஃபோனோ இருந்தால் அதை அணைத்துவிட்டு, வெளியே தனி ஃபோனோ வைத்துக்கொண்டால்தான் இந்த வழி சரிப்படும்.

இவ்வளவும் செய்து, மோனோ தட்டுகள் கையில் நாலைந்து சேர்ந்த பிறகு மோனோ கார்ட்ரிட்ஜ் பற்றி யோசிப்போம். ஆர்டோஃபோன், ஆடியோ-டெக்னிகா, டெனான் நிறுவனங்களின் மோனோ கார்ட்ரிட்ஜ்கள் பெயர் பெற்றவை. ஊசி முனையின் அளவில் குழம்ப வேண்டாம். 1950-களின் மோனோ தட்டுகளுக்கு 25 மைக்ரான் முனையைச் சொல்வார்கள். நம் 1967 தட்டுக்கும் 2014 தட்டுக்கும் 18 மைக்ரான் முனையே போதும்.

எவ்வளவு ஆகும்?

காதைப் பழக்கும் முதல் வாரம் இலவசம். ‘ஒய்’ கேபிள்கள் சில நூறு ரூபாயில் முடியும்.

டர்ன்டேபிளில்தான் கை கடிக்கும். மிகக் குறைந்த விலை டர்ன்டேபிள்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்ற முடியாது, ஊசியை மட்டும்தான் மாற்றலாம். பின்னால் மோனோ கார்ட்ரிட்ஜ் போட வேண்டுமென்றால், கார்ட்ரிட்ஜ் மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முப்பதாயிரம் ரூபாய் அளவில் ஒதுக்கிக்கொள்வது நல்லது. மோனோ கார்ட்ரிட்ஜுக்குத் தனியாகப் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும்.

2014 எல்பியும் 2009 பெட்டியும் இப்போது பெரும்பாலும் மறுவிற்பனையில்தான் கிடைக்கும். விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே பதிப்பு கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று பார்ப்போம். அதுதான் உண்மை விலை. 1967 அசல் தட்டு, நிலையைப் பொறுத்துச் சில பத்து பவுண்டிலிருந்து சில நூறு பவுண்டு வரை போகும். தபால் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே கூட்டிப் பாருங்கள். பல சமயம் கணக்கைக் கெடுப்பது அவைதான்.

என்னைக் கேட்டால் முதல் வருடம் ஒரே ஒரு பெட்டி, 2017 பெட்டி, போதும். அடுத்த வருடமும் ஆசை குறையவில்லை என்றால் டர்ன்டேபிள்.

கவனம்!

‘மோனோ’ என்று அச்சடித்த எல்லாத் தட்டும் உண்மையான மோனோ மிக்ஸ் அல்ல. பீட்டில்ஸின் ‘யெல்லோ சப்மரீன்’ ஆல்பத்தின் பிரிட்டன் மோனோ தட்டு, ஸ்டீரியோவைச் சேர்த்துச் செய்ததுதான். ‘ஆபி ரோடு’ ஆல்பத்துக்கு மோனோ மிக்ஸே செய்யவில்லை. ‘ஒயிட் ஆல்பம்’தான் கடைசி. அதற்குப் பிறகு வந்த ஆல்பத்தின் ‘அபூர்வ மோனோ’ என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. அமெரிக்காவில் கேப்பிடல் நிறுவனம் மோனோ டேப்பையே இரண்டாகப் பிரித்து ஒலியை மாற்றி, ‘டுவோஃபோனிக்’ என்ற பெயரில் செயற்கை ஸ்டீரியோவாகப் பல தட்டுகளை விற்றது. அந்தச் சொல்லைக் கண்டால் வைத்துவிடுவோம்.

2014 மோனோ ‘பெப்பர்’ என்று சொல்லி வண்ணத் தட்டைக் காட்டினால் அது போலி. அந்தப் பதிப்பு கறுப்பில் மட்டுமே வந்தது.

பெட்டி வடிவ மலிவு பிளேயரில் நல்ல தட்டைப் போட வேண்டாம். நல்ல கார்ட்ரிட்ஜ் சுமார் 2 கிராம் எடையோடு தட்டைத் தொடும். அந்தப் பிளேயர்களில் பல அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தும்.

அடுத்து எங்கே போவது?

‘பெப்பர்’ பிடித்துவிட்டால் பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ கேட்போம். 1966-இல் வந்த அந்த ஆல்பத்தைப் பிரையன் வில்சன் மோனோவுக்காகவே செய்தார். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காமல் இருந்தது. பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பமும் 1967-இல், இதே ஆபி ரோட்டில், ‘பெப்பர்’ பதிவான அதே மாதங்களில் உருவானதுதான். அதன் மோனோ 2007-இல் மூன்று சிடி தொகுப்பில் மறுபடி வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் மோனோ பெட்டி 2016-இல் வந்தது.

கேட்கும் நாள்

எல்லாம் தயார். சாப்பாட்டை முடித்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிடுவோம். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் நடுவில் உட்காருவோம். ஒன்றை அணைத்துவிட்டு ஒரே ஸ்பீக்கரில் கேட்டாலும் தப்பில்லை. 1967-இல் பெரும்பாலானோர் அப்படித்தான் கேட்டார்கள். ஒலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மோனோ உரக்கக் கேட்டால்தான் விரியும்.

தட்டில் கேட்கிறவருக்குக் கடைசியாக ஒன்று. ‘எ டே இன் தி லைஃப்’ முடிவில், பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த அந்தப் பெரிய ஒலி நாற்பது நொடிக்கு மேல் தேய்ந்து தேய்ந்து அடங்கும். அடங்கியதும் எழுந்து ஊசியைத் தூக்கிவிடாதீர்கள். பிரிட்டன் அசல் தட்டில் அதன்பிறகு மிக உச்சமான ஒரு ஒலி வரும். வயதானவர்களுக்கு அது கேட்காமலே போகலாம், வீட்டு நாய் தலை நிமிர்த்தும். அதையடுத்து, தட்டின் கடைசிக் கோட்டில், அர்த்தமில்லாத ஒரு பேச்சும் சிரிப்பும் சுழன்று சுழன்று வரும். தானாக நிற்காத டர்ன்டேபிளில் நீங்கள் போய் ஊசியைத் தூக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.